பழைய மேனுவல் லென்ஸில் காட்டுப்பூக்கள்: சுழல் போக்கே ஏன் வருவதில்லை?

வேலிப்பருத்தி:

எல்லோருக்கும் வணக்கம். ஹீலியோஸ் 44-2 (58 மி.மீ., எஃப்/2) லென்ஸ் ஒன்று கைக்கு வந்திருக்கிறது. ஃபுல் ஃபிரேம் மிரர்லெஸ் கேமராவில் எம்42 (பழைய திருகு மவுண்ட்) அடாப்டர் போட்டுப் பயன்படுத்துகிறேன். எனக்குப் பிடித்தது பாதையோரத்துச் சின்னப் பூக்கள். தும்பை, நெருஞ்சி, விஷ்ணுகிராந்தி, கிணற்றடிப்பூண்டு, இந்த மாதிரி. யாரும் நின்று பார்க்காத பூக்கள் என்பதாலேயே அவற்றை நன்றாக எடுக்க வேண்டும் என்று ஆசை.

இந்த லென்ஸ் என்றாலே எல்லோரும் சொல்வது அந்தச் சுழல் போக்கேயைத்தான், அதாவது மங்கிய பின்னணி பூவைச் சுற்றிச் சுழல்வதுபோல் தெரிவதை. எனக்கு அது வரவே மாட்டேன் என்கிறது. பின்னணி மொத்தமும் ஒரே பச்சையாகக் கரைந்துபோகிறது. அரை மீட்டருக்கும் கிட்டே போனால் ஃபோகஸ் ஆவதில்லை. அந்தத் தூரத்தில் தும்பைப்பூ வெறும் வெள்ளைப் புள்ளி. பீக்கிங் (ஃபோகஸைக் காட்டுவதற்காகத் திரையில் விளிம்புகளுக்கு நிறக்கோடு போடும் வசதி) பளிச்சென்று காட்டுகிறது, ஆனால் கணினியில் பெரிதாக்கிப் பார்த்தால் கூர்மை வேறெங்கோ விழுந்திருக்கிறது. இதையே பழகினால் சரியாகுமா, இல்லை ஆட்டோஃபோகஸ் மேக்ரோ லென்ஸுக்குப் போய்விடலாமா?

பழங்கண்ணாடி:

லென்ஸை விற்றுவிடாதீர்கள். நீங்கள் கேட்டதில் சுழலும் சின்னப் பூவும் ஒன்றுக்கொன்று எதிரானவை, அதுதான் சிக்கல். கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

சுழல் எப்படி வருகிறது? எஃப்/2-இல் முழுதாகத் திறந்திருக்கும்போது, படத்தின் ஓரத்துக்குப் போகிற ஒளிக்கற்றையை லென்ஸ் குழலின் விளிம்பே இருபுறமும் வெட்டிவிடுகிறது. அதனால் நடுவில் வட்டமாக இருக்கிற ஒளிப்பொட்டு ஓரத்தில் பூனைக்கண் வடிவத்துக்குக் குறுகுகிறது. குறுகிய பொட்டுகள் எல்லாம் படத்தின் மையத்தைச் சுற்றி வளையம் வளையமாக நிற்கும். இந்த லென்ஸின் மூலமான ஸைஸ் பயோட்டார் வடிவமைப்புக்கே உள்ள தளவளைவும் (கூர்மையான தளம் தட்டையாக இல்லாமல் வளைந்திருப்பது) அஸ்டிக்மாட்டிசமும் (பொட்டு ஒரு திசையில் நீண்டுபோவது) சேர்ந்துகொள்ளும்போது கண்ணுக்குச் சுழல் தெரிகிறது.

அப்படியானால் பின்னணியில் தனித்தனிப் பொட்டுகள் இருந்தாக வேண்டும். இலைகளுக்கு நடுவே தெரியும் வானம், பனித்துளி, வெயில் பட்ட புல்நுனி, ஏதாவது ஒன்று. அந்தப் பொட்டுகள் பாதி மங்கியிருக்க வேண்டும், முழுக்கக் கரைந்துவிடக் கூடாது. நீங்கள் லென்ஸின் குறைந்தபட்சத் தூரமான அரை மீட்டரில் நின்று எடுக்கிறீர்கள். அங்கிருந்து பார்த்தால் பின்னால் இருக்கிற எல்லாமே அளவுக்கு மீறி மங்கி, ஒன்றோடொன்று கலந்து ஒரே நிறமாகிவிடும். ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று, உயரமான செடியில் பூத்த பூவை எடுங்கள். அதற்குப் பின்னால் மூன்று நான்கு மீட்டரில் அடர்ந்த இலைக்கூட்டம் இருக்கட்டும். சுழல் வரும்.

கிட்டே போக எக்ஸ்டென்ஷன் ட்யூப் (லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே போடும் வெற்றுக் குழல்) போட்டால் சுழல் இன்னும் குறையும். லென்ஸ் சென்சாரிலிருந்து விலக விலக, அது விழுத்துகிற பட வட்டம் பெரிதாகிறது. சென்சார் அதன் நடுப்பகுதியை மட்டும்தான் எடுத்துக்கொள்கிறது. வெட்டுப்பட்ட ஓரம் வெளியே போய்விடுகிறது. சிறிய சென்சார் கொண்ட ஏபிஎஸ்-சி கேமராவில் ஹீலியோஸ் சாதுவாகத் தெரிவதும் இதே காரணத்தால்தான்.

என் வழக்கம் இது: பூவைப் பார்த்ததும் கேமராவைத் தூக்குவதில்லை. முதலில் அதன் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்ப்பேன். பழைய லென்ஸ்களில் பூ கிட்டத்தட்ட எல்லா லென்ஸிலும் ஒரே மாதிரிதான் வரும். லென்ஸுக்கு லென்ஸ் மாறுவது பின்னணி. அதனால் பின்னணியைத் தேர்ந்தெடுத்துவிட்டு, அதற்கு முன்னால் நிற்கிற பூவைத் தேடுவேன்.

ஐம்பதுமிமீ:

பழங்கண்ணாடி அண்ணன் சொன்னதோடு கணக்கையும் போட்டுவிடுகிறேன்.

58 மி.மீ. லென்ஸ் அரை மீட்டரில் தரும் உருப்பெருக்கம் (சென்சாரில் விழும் உருவம் நிஜ அளவில் எத்தனை பங்கு என்பது) ஏறக்குறைய 0.15. தும்பைப்பூ ஒரு சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 36 மி.மீ. அகல சென்சாரில் அது வெறும் ஒன்றரை மி.மீ. வெள்ளைப் புள்ளியாகத் தெரியாமல் என்ன செய்யும்?

எக்ஸ்டென்ஷன் ட்யூப் சேர்த்தால் கிடைக்கும் உருப்பெருக்கம், ட்யூபின் நீளத்தை லென்ஸின் ஃபோகல் நீளத்தால் வகுத்தது. 25 மி.மீ. ட்யூப் போட்டால் 25/58, அதாவது 0.43. ஃபோகஸ் வளையத்தைக் கடைசிவரை திருப்பினால் லென்ஸின் சொந்த 0.15-உம் சேர்ந்து 0.6-ஐத் தொடும். அதே பூ இப்போது ஆறு மி.மீ. ட்யூபுக்குள் கண்ணாடி எதுவும் கிடையாது, வெறும் காற்று. அதனால் எந்த ட்யூப் என்பதைப் பற்றி அலட்டிக்கொள்ள வேண்டாம். உள்பக்கம் மினுக்காமல் மட்டக் கறுப்பாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். மினுக்கினால் படத்தில் வெளிறல் வரும்.

ஒளி குறையும். 0.6-இல் ஒன்றேகால், ஒன்றரை ஸ்டாப் போகும் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி பாதியாவது). அப்பர்ச்சர் பிரையாரிட்டியில் (லென்ஸின் துளையை நாம் வைக்க, ஷட்டர் வேகத்தைக் கேமரா வைக்கும் முறை) கேமராவே சரிசெய்துகொள்ளும், ஆனால் ஷட்டர் வேகம் இறங்குவதைக் கவனிக்க வேண்டும்.

இன்னொன்று. உருப்பெருக்கம் 0.5-இல், எஃப்/2-இல் கூர்மையாக வரும் ஆழம் முக்கால் மி.மீ.கூட இல்லை. எஃப்/8-இல் மூன்று மி.மீ. கிட்டே வரும். உங்கள் "கூர்மை வேறெங்கோ விழுகிறது" பிரச்சினைக்குப் பாதி விடை இதிலேயே இருக்கிறது.

மூலிகைத்தடம்:

நான் செடிகளை இனம் பிரிக்கிற ஆள். மாற்றுக் கருத்து ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும்.

தினமும் பலர் எனக்குப் பூப் படம் அனுப்பி "இது என்ன செடி?" என்று கேட்கிறார்கள். எஃப்/2-இல் எடுத்த படம், இரண்டு இதழ் கூர்மையாக இருக்கும், மிச்சமெல்லாம் மேகம். அழகுதான். ஆனால் இலை எதிரெதிராக இருக்கிறதா மாறிமாறி இருக்கிறதா, தண்டில் மயிர் உண்டா, புல்லிவட்டம் எப்படி இருக்கிறது என்று எதுவும் தெரியாது. நான் என்ன பதில் சொல்ல?

தும்பையையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்த இனத்தில் பல செடிகளின் பூவும் ஏறக்குறைய ஒன்றுபோல் வெள்ளை, இரண்டு உதடு. பிரிப்பதற்குப் புல்லிவட்டத்தைப் பார்க்க வேண்டும்: குழலின் வாய் நேராக வெட்டியது போல் இருக்கிறதா, ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறதா, பற்கள் எப்படி நிற்கின்றன. அது பூவுக்குக் கீழே மறைந்திருக்கும் பகுதி. சுழல் போக்கே தேடுகிற யாரும் அதை எடுப்பதே இல்லை.

காட்டுப்பூவை மதிக்கிறோம் என்றால் அது எந்தப் பூ என்று தெரியும்படி எடுக்க வேண்டும் என்பது என் எண்ணம். எஃப்/8, எஃப்/11, நல்ல வெளிச்சம், சாதாரணப் பின்னணி. போதும்.

பழங்கண்ணாடி:

நீங்கள் சொல்வதை முழுதாக ஏற்க முடியவில்லை. ஒரு பூவைப் பார்த்து நின்றுவிட்டவர்தான் அடுத்து அதன் பெயரைக் கேட்பார். அந்த முதல் நிற்றலை உண்டாக்குவது அழகான படம். ஆனால் புல்லிவட்டம் பற்றிச் சொன்னது எனக்குப் புதிது. இனிமேல் பார்ப்பேன்.

பழைய லென்ஸில் இரண்டையும் எடுக்கலாம், அதுவும் ஒரே இடத்தில் உட்கார்ந்தபடி. வளையத்தைத் திருப்பினால் எஃப்/2, மறுபடி திருப்பினால் எஃப்/8. ஒன்று உங்களுக்கு, ஒன்று எனக்கு.

செங்காந்தள்:

வேலிப்பருத்தி, ஃபோகஸ் பற்றி நான் சொல்கிறேன். வருடக்கணக்காக மேனுவலில் மட்டும்தான் எடுக்கிறேன்.

பீக்கிங் கூர்மையை அளப்பதில்லை. திரையில் எங்கெல்லாம் வெளிச்சமும் இருட்டும் சட்டென்று மாறுகிறதோ அங்கெல்லாம் கோடு போடுகிறது. வெள்ளைப் பூ, இருண்ட பின்னணி என்றால் கொஞ்சம் ஃபோகஸ் தப்பியிருந்தாலும் விளிம்பு பளிச்சென்று மின்னும். அதை நம்பி ஷட்டரை அழுத்தாதீர்கள். பீக்கிங் உதவுவது கூர்மையான தளம் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்க்க மட்டும்தான். கடைசி முடிவை, திரையைப் பெரிதாக்கிக் கண்ணால் பார்த்து எடுங்கள். பெரிதாக்கும் வசதியைக் கட்டைவிரலுக்கு எட்டுகிற பட்டனில் வைத்துவிடுங்கள். பீக்கிங் நிறத்தையும் மாற்றுங்கள்: மஞ்சள் நெருஞ்சிக்கு மஞ்சள் பீக்கிங் வைத்தால் என்ன தெரியும்? மஞ்சளுக்கும் வெள்ளைக்கும் சிவப்பு, சிவப்புப் பூவுக்கு வெள்ளை.

கிட்டத்தில் எடுக்கும்போது ஃபோகஸ் வளையத்தைத் திருப்பிக்கொண்டே இருக்கக் கூடாது. எவ்வளவு பெரிதாக வேண்டும் என்று முடிவுசெய்து வளையத்தை அங்கே விட்டுவிடுங்கள். பிறகு உடம்பையே துளித்துளியாக முன்னும் பின்னும் நகர்த்துங்கள். முழங்கை இரண்டும் தரையில் ஊன்றியிருக்கட்டும். மூச்சை மெல்ல விடும்போது, வேண்டிய இடம் கூர்மையாவது தெரிந்ததும் மூன்று நான்கு படம் தொடர்ந்து எடுங்கள். ஒன்று கட்டாயம் அமையும்.

எந்த இடம் கூர்மையாக இருக்க வேண்டும் என்பதை முன்பே முடிவு செய்யுங்கள். தும்பையில் எனக்கு அது மேலுதடு. பெரிதாக்கிப் பார்த்தால் அதன் முதுகில் வெள்ளைப் பஞ்சு மாதிரி மயிர் அடர்ந்திருக்கும். அந்த மயிர் ஒவ்வொன்றாகப் பிரிந்து தெரிந்தால் ஃபோகஸ் சரி. கிணற்றடிப்பூண்டில் நாம் ஒரு பூ என்று நினைப்பது பல சிறுபூக்கள் சேர்ந்த தலை. வெளியே நிற்கும் வெளிறிய இதழ்களின் நுனி மூன்றாகப் பிளந்திருக்கும், நடுவில் மஞ்சள் சிறுபூக்கள். நடுப்பகுதியில் திறந்திருக்கிற ஒரு சிறுபூவைத் தேர்ந்தெடுத்து அதில் ஃபோகஸ் வையுங்கள். மொத்தத்தையும் பிடிக்க நினைத்தால் எதுவும் பிடிபடாது.

கேமராவின் உள்நிலைப்படுத்திக்கு (கை ஆட்டத்தைச் சரிக்கட்டும் வசதி) ஃபோகல் நீளத்தைக் கையால் 58 என்று கொடுத்துவிடுங்கள். லென்ஸில் மின்தொடர்பு இல்லாததால் அதற்குத் தானாகத் தெரியாது. ஆனாலும் ட்யூப் போட்ட பிறகு அதன் உதவி பாதிதான். கை பக்கவாட்டில் நகர்வதுதான் அங்கே பெரிய ஆட்டம். காற்றுக்கு அது எதுவுமே செய்யாது. காற்று இருந்தால் 1/250-க்குக் கீழே இறங்காதீர்கள், ஐஎஸ்ஓ ஏறினால் ஏறட்டும்.

வேலிப்பருத்தி:

செங்காந்தள் அக்கா, மிக்க நன்றி. பெரிதாக்கும் பட்டனை மாற்றிவிட்டேன், இதற்கே வித்தியாசம் தெரிகிறது.

இன்னும் இரண்டு கேள்வி. இந்த லென்ஸில் அப்பர்ச்சர் வளையம் இரண்டு இருக்கிறது, ஏன்? அப்புறம், சிவப்புப் பூ எடுத்தால் இதழில் ஒரு நரம்புகூடத் தெரியவில்லை. ஒரே சிவப்புப் பூச்சாக வருகிறது. லென்ஸில் கோளாறா?

செங்காந்தள்:

சிவப்புக்கு லென்ஸ் காரணமில்லை. கேமரா மூன்று நிறத்தையும் சேர்த்துச் சராசரி வெளிச்சத்தைக் காட்டும்போது எல்லாம் சரியாக இருப்பதுபோல் தெரியும், ஆனால் சிவப்புச் சேனல் மட்டும் தனியாக நிரம்பி வழிந்திருக்கும். ஹிஸ்டோகிராமை (வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடம்) மூன்று நிறமாகப் பிரித்துக் காட்டும்படி வைத்து, சிவப்பு வலது சுவரில் முட்டாதபடி மூன்றில் இரண்டு ஸ்டாப், ஒரு ஸ்டாப் குறைத்து எடுங்கள். ரா ஃபைலில் எடுத்தால் நரம்பு திரும்பக் கிடைக்கும். நெருஞ்சி மஞ்சளுக்கும் இதேதான்.

இருட்டறை:

ஃபிலிம் காலத்திலிருந்து எடுப்பவன் என்பதால் வளையத்தைப் பற்றி நான் சொல்கிறேன். அது ப்ரீசெட் முறை. முன்னால் இருப்பது எல்லை வைக்கும் வளையம். அதை எஃப்/8-இல் வைத்தால், மற்ற வளையம் எஃப்/2-க்கும் எஃப்/8-க்கும் நடுவே தடையில்லாமல் ஓடும். திறந்து வைத்து ஃபோகஸ் செய்து, கண்ணை எடுக்காமல் எல்லை முட்டும்வரை மூடி, படம் எடுக்க வேண்டியது. கேமரா தானாக அப்பர்ச்சரை மூடாத காலத்து ஏற்பாடு. இன்று பூ எடுப்பவருக்கு இதைவிட வசதி வேறில்லை என்பேன். சற்று முன் பழங்கண்ணாடி சொன்ன இரண்டு படமும் இந்த ஒரு திருப்பலில் முடிந்துவிடும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. கோளப்பிறழ்ச்சி (லென்ஸின் ஓரத்து ஒளியும் நடு ஒளியும் ஒரே இடத்தில் குவியாத குறை) மிச்சம் இருக்கிற லென்ஸ்களில் அப்பர்ச்சரை மூடும்போது கூர்மையான தளம் கொஞ்சம் நகரும். தொலைவில் தெரியாது, கிட்டத்தில் தெரியும். எஃப்/4-இல் எடுப்பதாக இருந்தால் எஃப்/4-இல் வைத்தே கடைசி ஃபோகஸைச் சரிபாருங்கள்.

அந்தப் பிறழ்ச்சியே சிலருக்கு வரம். மேயர் ஆப்டிக் ட்ரையோப்ளான் 100 மி.மீ. எஃப்/2.8 மூன்றே கண்ணாடி கொண்டது. 1893-இல் டென்னிஸ் டெய்லர் வடிவமைத்த குக் ட்ரிப்லெட் வழியில் வந்தது. அதில் பிறழ்ச்சி மிகையாகத் திருத்தப்பட்டிருப்பதால், பின்னணிப் பொட்டுகளின் விளிம்பு பளீரென்றும் நடு மங்கியும் சோப்புக்குமிழி போல் வரும். புல்லில் பனித்துளி இருக்கும் காலையில், வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் பின்னணி முழுக்கக் குமிழிகள். அதுவும் கிட்டே ஃபோகஸ் ஆகாது, ட்யூப் வேண்டும்.

கிட்டே போகிற பழைய லென்ஸே வேண்டும் என்றால் இண்டஸ்டார்-61 எல்/இசட் 50 மி.மீ. எஃப்/2.8 இருக்கிறது. 1902-இன் டெஸ்ஸார் வடிவமைப்பின் வழி, நான்கு கண்ணாடி, 30 செ.மீ. வரை போகும். எஃப்/5.6 பக்கம் மூடினால் அப்பர்ச்சர் ஆறுமுனை நட்சத்திரமாகி, பொட்டெல்லாம் நட்சத்திரமாகும். எனக்கு அது பிடிக்காது, பூவிலிருந்து கண்ணைப் பிடுங்கிவிடுகிறது. மூலிகைத்தடத்துக்கு ஏற்றது மைக்ரோ-நிக்கார் 55 மி.மீ. எஃப்/3.5. பாதி அளவுவரை தானாகப் போகும், அதற்கென உள்ள 27.5 மி.மீ. வளையம் சேர்த்தால் முழு அளவு. அதில் மாயம் எதுவும் இல்லை. இதழின் நரம்பு நரம்பாகத்தான் வரும்.

மழைத்துளி:

நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். என்னிடம் நிக்கான் எஃப் மவுண்ட் டிஎஸ்எல்ஆர் இருக்கிறது. எம்42 லென்ஸ் அதில் சரிவராது என்று எல்லா இடத்திலும் படித்தேன். உண்மையா?

ஐம்பதுமிமீ:

பாதி உண்மை. எம்42 லென்ஸ் தன் உட்காருமிடத்திலிருந்து ஃபிலிம்வரை 45.46 மி.மீ. எதிர்பார்க்கிறது. உங்கள் கேமராவில் அது 46.5 மி.மீ. அடாப்டரின் தடிமனும் சேரும். லென்ஸ் எப்போதும் கொஞ்சம் தள்ளியே நிற்பதால் மலை, மேகம் எதிலும் ஃபோகஸ் ஆகாது. ஒன்றிரண்டு மீட்டரோடு நின்றுவிடும். ஆனால் நீங்கள் எடுக்கப்போவது பூ. அந்தத் தள்ளல் உங்களுக்கு இலவசமாகக் கிடைத்த குட்டி எக்ஸ்டென்ஷன் ட்யூப். உள்ளே கண்ணாடி வைத்த அடாப்டரை வாங்காதீர்கள். முடிவிலியைத் திருப்பித் தருகிறேன் என்று கூர்மையைக் கெடுத்துவிடும். கண்ணாடி இல்லாத சாதாரண வளையமே போதும்.

மிரர்லெஸ்காரர்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை. அந்தத் தூரம் சோனி ஈ மவுண்டில் 18 மி.மீ., நிக்கான் இசட்டில் 16, கேனான் ஆர்எஃப்பில் 20. ஏறக்குறைய எந்தப் பழைய எஸ்எல்ஆர் லென்ஸும் உட்காரும்.

இருட்டறை:

பழைய லென்ஸ் வாங்கும்போது பார்க்க வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன், புதியவர்கள் படிக்கிறார்கள். பின்னாலிருந்து டார்ச் அடித்து, முன்னால் சாய்வாகப் பாருங்கள். தூசி இருந்தால் பரவாயில்லை. முன் கண்ணாடியில் ஒன்றிரண்டு கீறலும் படத்தில் தெரியாது. சிலந்திநூல் மாதிரி கிளைத்திருப்பது பூஞ்சை, அதை விட்டுவிடுங்கள். மொத்தமும் பால் படர்ந்ததுபோல் மங்கல் இருந்தாலும் விட்டுவிடுங்கள். வெளிச்சத்துக்கு எதிரே பூ எடுக்கும்போது அந்த மங்கல் மொத்தப் படத்தையும் வெளுக்கும். அப்பர்ச்சர் தகடுகளில் எண்ணெய் மினுக்குகிறதா என்றும் பாருங்கள். ப்ரீசெட் லென்ஸில் கையால் திருப்புவதால் எண்ணெய் பெரிதாகத் தொந்தரவு செய்யாது. தானியங்கி அப்பர்ச்சரில் தகடுகள் ஒட்டிக்கொள்ளும்.

சூப்பர் டாக்குமார் 50 மி.மீ. எஃப்/1.4 யாராவது வைத்திருந்தால் ஒரு வெள்ளைத் தாளுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். அதன் ஏழு கண்ணாடி வகையில் தோரியம் கலந்த கண்ணாடி உண்டு, வருடங்கள் போகப் போகத் தேநீர் நிறமாகிவிடும். வெள்ளைச் சமநிலையைக் கையால் வைத்தால் நிறம் திரும்பும், ஆனால் நீலம் ஏற்கெனவே விழுங்கப்பட்டிருப்பதால் விஷ்ணுகிராந்தி மாதிரிப் பூக்களில் இரைச்சல் தெரியும். புற ஊதா விளக்கின் கீழ் சில நாள் வைத்தால் மஞ்சள் பெருமளவு தெளியும். படமெடுக்கப் பயப்பட வேண்டியதில்லை. அந்தக் கண்ணாடியைத் தேய்ப்பதோ உடைப்பதோ கூடாது.

மூலிகைத்தடம்:

ஒரு வேண்டுகோள். படத்துக்குக் குறுக்கே வருகிறது என்று புல்லைப் பிடுங்குகிறார்கள், பக்கத்துச் செடியை மிதித்துக்கொண்டு படுக்கிறார்கள். புல்லைக் கையால் ஒதுக்கி ஒரு துணிக்கிளிப்பால் பிடித்துவைத்து, எடுத்து முடித்ததும் விட்டுவிடலாம். முழங்காலை ஊன்றுவதற்கு முன் அங்கே முளை எதுவும் இருக்கிறதா என்று பாருங்கள். ஓர் அழகான பூவைச் சுற்றி அதே செடியின் நாற்றுகள்தான் பெரும்பாலும் இருக்கும். பூவைப் பறித்து வசதியான இடத்தில் வைத்து எடுப்பதை நான் காட்டுப்பூப் படமாகவே கருதுவதில்லை.

பழங்கண்ணாடி:

இதில் உங்களோடு முழுக்க உடன்படுகிறேன். குறுக்கே நிற்கும் புல்லை அப்படியே விட்டும் பாருங்கள். லென்ஸை ஒட்டி இருக்கிற புல், எஃப்/2-இல் வெறும் பச்சைத் திரையாக மாறி, பூவைச் சுற்றி மெல்லிய மூட்டம் போடும். பிடுங்கியிருந்தால் அது கிடைக்காது.

வேலிப்பருத்தி:

25 மி.மீ. ட்யூப் கிடைத்தது. இன்று காலை வெயில் ஏறுவதற்கு முன் போனேன். இரண்டு படம் இணைத்திருக்கிறேன், இரண்டும் தும்பை.

முதல் படம் ட்யூப் இல்லாமல், ஒரு மீட்டர் தள்ளி. பின்னால் இருந்த புதரில் இலை இடுக்குகள் வழியே வெளிச்சம் வந்தது. சுழல் வந்துவிட்டது! ஓரத்தில் பொட்டெல்லாம் பூனைக்கண்தான். பூ சின்னதாகத்தான் இருக்கிறது, ஆனால் நடுவில் தனியாக நிற்கிறது. இரண்டாவது ட்யூபோடு, எஃப்/8, மூலிகைத்தடம் ஐயா சொன்னபடி பக்கவாட்டில், பூவுக்குக் கீழிருந்து. மேலுதட்டில் மயிர் பிரிந்து தெரிகிறது. நடுவில் கொஞ்சம் வெளிறல் இருக்கிறது, அது எதனால்?

செங்காந்தள்:

இரண்டாவதில் ஃபோகஸ் மிக நன்று. வெளிறல், பக்கத்து வானத்து வெளிச்சம் முன் கண்ணாடியில் விழுவதால். இந்த லென்ஸின் பூச்சு ஒற்றை அடுக்கு, சட்டென்று வெளிறும். ஆழமான ஹூட் ஒன்று போடுங்கள். கிட்டத்தில் ஹூட் பூவை இடித்தால் இடது உள்ளங்கையால் லென்ஸுக்கு மேலே மறையுங்கள், அதுவே போதும்.

மூலிகைத்தடம்:

இரண்டாவது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். புல்லிக்குழலின் வாய் தெளிவாகச் சாய்ந்திருக்கிறது, மேல்பக்கம் நீண்டிருக்கிறது. நம் சாதாரணத் தும்பையோடு, லூக்கஸ் ஆஸ்பெராவோடு, இது பொருந்துகிறது. உறுதியாகச் சொல்ல ஓர் இலையின் முழு நீளமும் அகலமும் தெரிய வேண்டும், விளிம்பும் சேர்த்து. அடுத்த முறை பூங்கொத்துக்குக் கீழே இருக்கிற இலை ஜோடியை மேலிருந்து எஃப்/8-இல் ஒன்று எடுத்துப் போடுங்கள். முதல் படத்தை நான் சேமித்துவைத்துக்கொண்டேன்.